காடை இல்லாத புல்வெளி

ஒரு காட்டில் உள்ள நிலம் யாருக்கும் சொந்தமில்லை என்று நன்கு படித்தவர்கள்கூட நம்பி வருகிறார்கள். வருந்தத்தக்க பிழை. இந்தக் கதை நடந்த காட்டில் ஒவ்வோர் அடி நிலத்துக்கும் சொந்தக்காரர் உண்டு. ஆற்றை ஒட்டிய புல்வெளி ஒரு முள்ளம்பன்றிக்குச் சொந்தம். அதன் நடுவே கிழங்குக்கொடி படர்ந்த மேடு ஒன்று இருந்தது. அதை விட்டால் முள்ளம்பன்றிக்கு வேறு பிழைப்பில்லை. ஆகவே யாரைப் பார்த்தாலும் சந்தேகம்.

ஒரு நாள் நாரை வந்து எல்லையில் நின்றது.

"முள்ளம்பன்றியாரே, பறவைகளைக் கணக்கெடுக்கிறோம். நாளை விடியலில் உள்ளே வரலாமா? அசையாமல் நின்று, எத்தனை காடைகள் குரல் கொடுக்கின்றன என்று எண்ணிவிட்டுப் போய்விடுவேன்."

"யார் கேட்ட கணக்கு?"

"யானைகள் கேட்ட கணக்கு. எதற்கென்றால்..."

"எதற்கென்று எனக்கா தெரியாது? காடை இருக்கிறது என்பீர். அடுத்து, காடைக்கு இடைஞ்சல், கிழங்கு தோண்டாதே என்பீர். அப்புறம், நீயே வெளியே போ என்பீர்!"

"முழுதாகக் கேளுமய்யா..."

"முடியாது. உம்முடைய ஒற்றைக் காலைக்கூட உள்ளே வைக்கக் கூடாது!"

பக்கத்து நிலத்து முயல் எட்டிப் பார்த்தது. "எண்ணினால் காடை தேய்ந்தா போய்விடும், அண்ணே? நான் சரியென்றுவிட்டேன்."

"நீ ஏமாளி. கேட்டால் காதையும் கழற்றிக் கொடுப்பாய்."

மறுநாள் விடியுமுன்பே முள்ளம்பன்றி முட்களைச் சிலிர்த்துக்கொண்டு, சலசலவென்று புல்வெளி முழுக்க ஓடியது. மிரண்ட காடைகளெல்லாம் முயலின் நிலத்தில் போய் இறங்கின.

சூரியன் எழுந்தது. நாரை எல்லைக்கு வெளியே நின்று வெகுநேரம் காது கொடுத்துக் கேட்டது.

"ஒன்றுகூட இல்லையே!"

"இல்லவே இல்லை. அப்படியே போய்ச் சொல்லும்."

நாரை அப்படியே போய்ச் சொன்னது.

ஐந்தாம் நாள் தரை அதிர்ந்தது. முள்ளம்பன்றி பதறி ஓடி வந்தது. கூட்டத்தின் முன்னால் வந்த பெண்யானை மரியாதையாக நின்றது.

"ஆற்றுக்குப் புது வழி போடுகிறோம், அப்பா. காடை முட்டையிடும் இடத்தை நாங்கள் மிதிப்பதில்லை. இந்தக் காட்டிலேயே காடை இல்லாத புல்வெளி உன்னுடையதுதானாம்."

"இருக்கின்றன அம்மா! நிறைய இருக்கின்றன!"

"எங்கே?" யானை காதை விரித்துக் கேட்டது.

முயலின் நிலத்தில் காடைகள் குரல் கொடுத்தன.

முப்பது யானைகள் வரிசையாகக் கிழங்கு மேட்டைக் கடந்து போயின. அன்று மாலை முள்ளம்பன்றி முயலின் எல்லையில் நின்று, உள்ளே வரலாமா என்று கேட்டது.

நீதி: இருப்பதை இல்லையென்று மறைத்தவனுக்கு, அது உதவ வேண்டிய நாளில் இல்லாமலே போகும்.