பாம்புச் சீட்டு யாருக்கு?

முன்னொரு காலத்திலே, ஏழு மலைக்கு அந்தப் பக்கம் மயிலோடை என்றொரு ராஜ்ஜியம். அங்கே வேலாயி கிளிசோசியம் பார்த்து வந்தாள். அவள் வம்சத்துப் பெண்கள் எடுத்துச் சொன்ன சீட்டு பொய்த்ததே இல்லை. முறை ஒன்றுதான்: கிளிக்கு நெல் போடுவது யாரோ, சீட்டு அவருக்கு.

ராஜாவின் சபையிலிருந்த கபாடன் என்ற மந்திரவாதிக்கு அது பொறுக்குமா? வேலாயியையே கிளியாக்கி, கூண்டோடு அரண்மனைக்குத் தூக்கிப் போனான். அவனுக்கு ஒரே பயம்தான். அவனுடைய சீட்டை யாராவது முகத்துக்கு நேரே சொல்லிவிட்டால் மந்திரம் செத்துப்போகும். வித்தையைத் திருடினானே தவிர, முறையைக் கற்றானா பாவி? தினம் தன் கையாலேயே நெல் போட்டான். தினமும் பாம்புச் சீட்டு வந்தது; பாம்பு என்றால் துரோகி. ஊருக்குள் துரோகி இருக்கிறான் என்று யாரையாவது கைகாட்டுவான். ராஜாவும் ஏன் எதற்கு என்று கேட்காமல் அவர்களை நாடு கடத்துவார். ஏழு வருஷம் இந்த அக்கிரமம் நடந்தது. கேட்கிற நமக்கே வயிறு எரிகிறதே!

வேலாயி மகள் செண்பகவல்லிக்குப் பன்னிரண்டு வயதில் வம்சத்து வரம் வந்தது. அம்மா விட்டுப்போன சீட்டொன்றைத் தொட்டாள். அரண்மனைக் கூண்டுக்குள்ளே கிளியும், அந்தக் கிளிக்குள்ளே அம்மா முகமும் தெரிந்தது. காவல்காரன் தடுத்தான், மந்திரி தடுத்தார், கபாடனே வழிமறித்தான். மூவரையும் தள்ளிக்கொண்டு சபைக்குள் போய், கிளி என் அம்மா என்றாள்.

கபாடன் சிரித்துக்கொண்டே நெல் போட்டான். பாம்பு வந்தது. இவள்தான் துரோகி, கூண்டில் போடுங்கள் என்றான்.

செண்பகவல்லி அசையவில்லை. ராஜாவை நெல் போடச் சொன்னாள். கண்ணைக் கட்டிக்கொண்ட மனிதன் படம் போட்ட சீட்டு வந்தது. பிறகு தானே போட்டாள். தாயும் பிள்ளையும் இருக்கிற சீட்டு வந்தது.

"நெல் போட்டவருக்குத்தான் சீட்டு, மகாராஜா. ஏழு வருஷமா வந்த பாம்பு இவனுக்கு வந்தது. அதுக்கு நீங்க ஊரைத் துரத்தினீங்க." பிறகு கபாடன் முகத்தைப் பார்த்தே சொன்னாள். "துரோகி நீதான்."

அவ்வளவுதான். கபாடனின் மந்திரக்கோல் பொடிப்பொடியாக உதிர்ந்தது. கூண்டு பிளந்து வேலாயி எழுந்து நின்றாள். மகள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். கபாடனைச் சிறையில் தள்ளினார்கள்.

வெட்கத்தில் தலைகுனிந்த ராஜா, என்ன வேண்டுமானாலும் கேள் என்றார். பொன்னும் வேண்டாம், பதவியும் வேண்டாம் என்றாள் வேலாயி.

"நீங்க துரத்தின ஒவ்வொருத்தர் வாசலுக்கும் நீங்களே நடந்து போய்க் கூப்பிடுங்க. பல்லக்கு வேண்டாம்."

ராஜா நடந்தார். கடைசி வீட்டுக்காரன் திரும்பி வரும்வரை நடந்தார். அவர் கால் கொப்புளம் ஆறியது, நம்ம கதையும் ஆனது.