எழுந்து போகவைக்கும் சோபா

கோயம்புத்தூரில் இன்று வீட்டு உள் அலங்காரம் என்றால் பூங்கோதையைத்தான் தேடி வருகிறார்கள். அந்தப் பேரை வாங்கிக் கொடுத்தது ஒரு சோபா. அவள் உயிரை வாங்கியதும் அதே சோபாதான்.

அவளுடைய முதல் வேலை, மில் முதலாளி ரங்கராஜுவின் புது பங்களா. "சொந்தக்காரங்க வந்தா நகர மாட்டேங்கறாங்க. சோபா அரண்மனைச் சோபா மாதிரி இருக்கோணும். ஆனா உக்காந்தவங்க காப்பி வர்றதுக்குள்ள எந்திரிச்சுப் போயிரோணும். நான் போகச் சொன்ன மாதிரியும் இருக்கப்படாது" என்றார்.

கெட்டியாகச் செய்தால் தனக்கே முதுகு வலிக்கிறது என்றார். குட்டையாகச் செய்தால் கௌரவக் குறைச்சல் என்றார். ஒவ்வொரு முறை திருப்பி அனுப்பும்போதும், தரைக்குப் பளிங்குக்கல் வாங்க ராஜஸ்தான் போன கதையை முதலிலிருந்து சொன்னார். கதையில் கல் லாரி ஏறுவதற்குள், கேட்டுக்கொண்டிருந்த தச்சர்கள் டீ குடிக்கப் போய்விடுவார்கள். பூங்கோதைக்குத்தான் போக்கிடம் இல்லை. விட்டுவிட்டுப் போனால் தொழிலே போச்சு.

கடைசியில் தலையில் அடித்துக்கொண்டு, மெத்தென்று ஒரு சோபாவைப் போட்டாள். அதற்கு நேர் எதிரே ஒரு நாற்காலி.

"நாற்காலி எதுக்கும்மா?"

"உங்களுக்குத்தானுங்க. வர்றவங்களுக்கு இதுல உக்காந்து பளிங்குக்கல் கதையைச் சொல்லுங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்த சம்பந்தி வீட்டார் காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்கள். எல்லாம் சோபாவின் மகிமை என்று ரங்கராஜு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

சீக்கிரமே ஒரு நகைக்கடைக்காரர் வந்து, அதே சோபா தனக்கும் வேண்டும் என்று நின்றார்.

"சோபா பண்ணிரலாமுங்க" என்றாள் பூங்கோதை. "எதிர்ல உக்கார அவரைத்தான் கூட்டிட்டு வரோணும்."