கருப்பட்டி மேலுல போன சேறு

ஆவாரங்காட்டுக் குட்டையில வெள்ளச்சின்னு ஒரு கெண்ட மீனு இருந்தா. அவளுக்கு நாப்பது புள்ளைங்க. பேரு வைக்க நேரமில்லாம எல்லாத்தையும் "ஏ குட்டி!"ன்னுதான் கூப்புடுவா. நாப்பதும் திரும்பிப் பாக்கும்.

அந்த வருசம் சித்திர வெயிலு மண்டையப் பொளந்துச்சு. அதுக்கு முன்ன வந்த வெள்ளம் வேற, காட்டு மண்ணையெல்லாம் அடிச்சுக் கொண்டாந்து குட்டையில கொட்டிட்டுப் போயிருந்துச்சு. சேறு ஏற ஏற தண்ணிக்கு நிக்க எடமில்ல. மானு எறங்குனா முழங்காலு கூட நனையல.

மத்ததுங்க எல்லாம் தண்ணி வத்துனா அடுத்த காட்டுக்கு நடந்து போயிரும். மீனு எங்க நடக்குறது?

குட்டக் கரையில கூட்டம் போட்டாங்க. தலைவரு மினுக்கன். அவன் ஒரு கொரங்கு. யாரும் தேர்ந்தெடுக்கல. எல்லாத்தையும் விட ஒசந்த கெளையில ஒக்காந்திருந்தான், அது போதாதா?

"குட்டையத் தூர் வாரணும்!"ன்னான் மினுக்கன். "மலையில பெருங்காதன் யானை இருக்காரு. காலால நாலு எத்து எத்துனா சேறு பறந்துரும்! கூலி நூறு பலாப்பழம். ஆளுக்குக் கொஞ்சமா கொண்டாங்க!"

"நீ எத்தன பழம் தருவ?"ன்னு கேட்டா புள்ளியம்மா மானு.

"நானா? நான்தான் யோசன குடுத்துட்டேனே! அதுக்கு நீங்கதான் எனக்கு ரெண்டு பழம் தரணும்!"

அப்பத்தான் கருப்பட்டி வந்தான். காட்டுப்பன்னி. நெறமும் அந்தப் பேருக்குத் தக்கன, கொணமும் தக்கன. வீட்டுல பொண்டாட்டி, பதினோரு குட்டிங்க. அன்னிக்குக் காலையில பூரா தோண்டி ரெண்டே ரெண்டு கிழங்குதான் கெடச்சுச்சு. அது ரெண்டையும் வாயில கவ்விக் கொண்டாந்து முன்னால வச்சான்.

"எங்கிட்ட இவ்வளவுதாண்ணே இருக்கு."

மினுக்கன் கெளையில உருண்டு உருண்டு சிரிச்சான். "ரெண்டு கிழங்கா! பெருங்காதன் ஒரு தும்மு தும்முனா இது அடுத்த காட்டுல போயி விழும்! டேய் கருப்பட்டி, நீ ஒண்ணும் குடுக்க வேணாம்டா. தெனம் குட்டையில பொரண்டு கலக்குறியே, அத நிப்பாட்டு. நீ எறங்காம இருக்குறதே பெரிய புண்ணியம்!"

எல்லாம் கெக்கெக்கேன்னு சிரிச்சுச்சுங்க. கருப்பட்டி கிழங்க எடுத்துக்கிட்டுப் போயிட்டான். மறுநாள்லேருந்து கரையோரமா நின்னு ரெண்டு வாய் குடிப்பான், போயிருவான். பொரளலன்னா அவனுக்குத் தூக்கம் வராது. இருந்தாலும் சொன்ன சொல்லு மீறல.

பெருங்காதன் வந்தாரு. தனியாவா வந்தாரு? சித்தப்பன், பெரியப்பன், மச்சினன்னு இருவது பேரக் கூட்டிக்கிட்டு விருந்துக்கு வர்ற மாதிரி வந்தாரு. நூறு பழமும் காலி. விக்கல் வருதுன்னு தண்ணி குடிச்சாங்க. பிசுக்கு ஒட்டுதுன்னு குளிச்சாங்க.

"ஐயா, அந்தச் சேறு..."ன்னு மினுக்கன் மெல்ல இழுத்தான்.

"வயிறு முட்டிக்கிட்டு நிக்குது தம்பி, குனிய முடியல. நாளைக்குப் பாப்போம்!"

அந்த 'நாளைக்கு' இன்னும் வரல. தூர் வாரச் சொன்னா தண்ணிய வாரிக்கிட்டுப் போயிட்டாங்க.

மூணே நாள்ல குட்ட பாளம் பாளமா வெடிச்சுருச்சு. நடுவுல ஒரே ஒரு குழியில மட்டும் தண்ணி இருந்துச்சு. வெள்ளச்சியும் நாப்பது புள்ளைங்களும் அதுக்குள்ள நெருக்கியடிச்சுக் கெடந்தாங்க. இருந்தது மூணு வெரலு ஒசரம், மூணு விரக்கட தண்ணி. ஒரு நாளு வெயிலுக்கு ஒரு விரக்கட கொறையும். கணக்குப் போட்டுப் பாத்துட்டு வெள்ளச்சி கரைய நோக்கிக் கத்துனா.

"கருப்பட்டி அண்ணே! கொஞ்சம் இங்க வாயேன்!"

"அங்கிட்டு நான் வரக் கூடாது தங்கச்சி. நான் வந்தா கலங்கிரும்."

"அட வாண்ணே! இந்தக் குழி யாருதுன்னு தெரியுதா? நீ தெனம் படுத்துப் பொரண்ட எடம்! குட்ட பூராவும் காஞ்சு கெடக்கு, உன் படுக்க மட்டும் எப்படி இம்புட்டு ஆழமாச்சு?"

"தெரியலையே. நான் படுத்ததோட சரி."

"நீ பொரண்டுட்டு எந்திரிச்சுப் போகையில, உன் மேலுல அரக்கூட சேறு ஒட்டிக்கிட்டுப் போகும். மேட்டுல அந்தப் புங்க மரத்துல ஒரசி, அங்கன உதுத்துருவ. தெனமும் தூர் வாரியிருக்கண்ணே நீ! ஒரு பழம் கூட வாங்காம!"

"அடியாத்தி!"ன்னான் கருப்பட்டி. "நான் அரிப்புக்குல்ல ஒரசுனேன்!"

"எதுக்கோ ஒரசுன. எங்க நாப்பத்தோரு உசுரும் இன்னிக்கு இருக்குறது உன்னாலதான். நீ நல்லாயிருக்கணும்ணே."

கருப்பட்டிய அதுவரைக்கும் யாரும் அப்படிச் சொன்னதில்ல. ஏதோ தூசி விழுந்த மாதிரி கண்ணக் கண்ணச் சிமிட்டிக்கிட்டான்.

"ஆனா மினுக்கன் எறங்காதன்னு..."

"அவன் இருக்குறது மரத்துல. குட்டையில இருக்குறவ நான். நான் சொல்றேன், எறங்கு!"

எறங்குனான். மீனுங்க மேல பட்டுரக் கூடாதுன்னு குழிக்குப் பக்கத்துல மூக்காலயே தோண்டுனான். சேத்துல பொரண்டான். மேட்டுக்கு ஓடுனான். ஒரசி உதுத்தான். திரும்ப வந்தான். சாயந்தரம் பொண்டாட்டியும் பதினோரு குட்டிங்களும் வந்து சேந்துச்சுங்க. அந்தக் குட்டிங்களுக்குச் சேத்துல பொரளுன்னு சொல்லணுமா என்ன! பொரளாதன்னு சொன்னதக் கேக்காமத்தான் அதுவரைக்கும் அடி வாங்குச்சுங்க.

மேல மரத்துலேருந்து மினுக்கன் கத்துனான். "சேத்துல பொரளுறதெல்லாம் ஒரு தொண்டாடா? அப்ப நான் பேனு பாக்குறதும் தொண்டுதான்!"

மறுநாளு ரெண்டு விரக்கடதான் இருந்துச்சு. புள்ளியம்மா வந்து எட்டிப் பாத்தா. நாப்பது வாயும் மேல வந்து காத்துக்குத் தவிக்குது. பாத்தவளுக்கு மனசு கேக்கல.

"இந்தத் தண்ணியக் குடிச்சுத்தான வளந்தேன்!"னு சொல்லி, புள்ளி போட்ட பட்டு மாதிரி இருந்த மேலோட சேத்துல தொப்புன்னு விழுந்தா. அவளப் பாத்து கரடி விழுந்துச்சு. கீரி காலுல அப்பிக்கிட்டு ஓடுச்சு. மயிலு தோகைய மட்டும் தூக்கிப் புடிச்சுக்கிட்டு மத்தத முக்குச்சு. யாரு கையிலயும் காலணா கெடையாது. எல்லாருக்கும் ஒடம்புன்னு ஒரு மேலு இருந்துச்சு.

மூணாம் நாளு ஒரு விரக்கட. வெள்ளச்சி பேசுறத நிப்பாட்டிட்டா. சின்னது ஒண்ணு மல்லாந்து மெதக்க ஆரம்பிச்சுருச்சு. கருப்பட்டி மூக்கு தோலு உரிஞ்சும் விடல, தோண்டிக்கிட்டே இருந்தான். உச்சி வெயிலு நேரம், அவன் மூக்குல சில்லுன்னு என்னமோ பட்டுச்சு.

"ஊத்து!"

கலங்கலா பொங்கி வந்துச்சு. பக்கத்துக் குழிக்குள்ள ஓடுச்சு. மல்லாந்து கெடந்தது ஒரு துள்ளு துள்ளி நேரா நீந்துச்சு. "ஏ குட்டி!"ன்னு வெள்ளச்சி அலறுன அலறல்ல நாப்பதும் திரும்பிப் பாத்துச்சு.

நாக்குத் தொங்க மினுக்கனும் எறங்கி வந்தான். "குடிக்கணும்னா ஒரு மேலு சேறு சொமக்கணும்!"னு புள்ளியம்மா வழிய மறிச்சா.

"முதல்ல குடிக்கட்டும் அக்கா, தாகத்தோட நிக்க வச்சா நல்லாவா இருக்கு?"ன்னா வெள்ளச்சி.

குடிச்சான். குடிச்சு முடிச்சதும் யாரு மூஞ்சியையும் பாக்காம சேத்துல போயி உருண்டான். சேறு அப்புன மூஞ்சியோட வீட்டுக்குப் போனா அவன் பொண்டாட்டியே "யாருய்யா நீ, ஆம்பள இல்லாத நேரத்துல?"ன்னு கெளைய ஒடிச்சுக்கிட்டு வெரட்டுனா.

ஐப்பசியில மழ கொட்டுச்சு. குட்ட ஆனையே முங்குற ஆழத்துக்கு நெறஞ்சுச்சு. மேட்டுல உதுத்த வண்டலத் தின்னு அந்தப் புங்க மரம் குப்புன்னு தழைச்சுச்சு.

வெள்ளச்சி கருப்பட்டியக் கூப்புட்டா. "உனக்குக் குடுக்க எங்கிட்ட ஒண்ணுமே இல்லண்ணே. சும்மா வந்து தண்ணிக்குள்ள படு."

படுத்தான். நாப்பது புள்ளைங்களும் வந்து அவன் காது மடிப்புல, அக்குளுல, வாலடியில ஒட்டிக்கிட்டிருந்த செதிலையும் அழுக்கையும் கிச்சு கிச்சுன்னு கொத்தித் தின்னுச்சுங்க. எந்த மரத்துல ஒரசியும் போகாத அரிப்பு அது. கருப்பட்டி கண்ண மூடிக்கிட்டு, "நல்லாயிருங்க தாயி, நல்லாயிருங்க"ன்னு மொனகிக்கிட்டே தூங்கிப் போனான்.

கையில காசு இல்லன்னு யாரும் ஒதவாம இருக்க வேணாம். இருக்குற ஒடம்ப வச்சு தெனம் கொஞ்சமா செஞ்சாலே காடும் பொழைக்கும், அடுத்த உசுரும் பொழைக்கும்.