என் பங்குக்கு ஒரு பிடி உப்பு

மலைப்பாதையின் கடைசி வளைவுக்கு மேலே, கேரட் தோட்டங்களை ஒட்டி ஒரு செப வீடு இருந்தது. அங்கே குருவுக்கு நாற்பது வயது. சீடருக்கு அறுபது. குரு சீடரை "அண்ணே" என்பார். சீடர் குருவை "அம்மா" என்பார். புதிதாகக் கேட்பவர்கள் சிரித்துவிடுவார்கள். அவர்கள் இருவருக்கும் அது பழகிப்போயிருந்தது.

குருவின் பெயர் அமலோற்பவம். சீடர் சந்தியாகு.

ஒரு வியாழக்கிழமை, முதல் பஸ்ஸில் மிக்கேல் வந்து இறங்கினான். மிக்கேல் சந்தியாகுவின் மனைவிக்குத் தம்பி. அவள் இறந்தபின் சந்தியாகு குடியில் விழுந்து கிடந்தபோது, அவருடைய ஆறு வயது மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு போனவன் அவன்தான். மகள் ஜெசிந்தா, அவனும் அவன் மனைவி எஸ்தரும் இருந்த வீட்டிலேயே வளர்ந்தாள், படித்தாள், வேலைக்குப் போனாள். சந்தியாகு குடியை விட்டு இந்த மலைக்கு வந்து சேர்ந்த பிறகு, வருடத்துக்கு ஒருமுறை அவள் வந்து பார்த்துவிட்டுப் போவாள். இவர் கீழே இறங்கிப் போனதே இல்லை.

மிக்கேல் மடியில் வைத்துக் கொண்டுவந்த தூக்குச்சட்டியை நீட்டினான். டவுனில் ஒரு விடுதிப் பள்ளிக்கூடத்தில் அவன் சமையற்காரன்.

"நேத்து மாப்பிள்ளை வீட்டாருக்கு விருந்து வெச்சோம் மச்சான். நான்தான் ஹாம் போட்டேன். எலும்போட கொஞ்சம் மிச்சம். அம்மாவுக்கும் உங்களுக்கும்."

சந்தியாகு வாங்கிக்கொண்டார். மூடியைத் திறந்தார். உப்பில் ஊறவைத்து, புகை காட்டி, அடுப்பில் சுட்ட பன்றித் தொடை. ரோஜா நிறத்தில் சதை இன்னும் எலும்பைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"சனிக்கிழமை ஜெசிந்தாவுக்குக் கல்யாணம்" என்றான் மிக்கேல். "கோயில் வாசல்லேர்ந்து பீடம் வரைக்கும் நீங்கதான் கையப் பிடிச்சு கூட்டிட்டுப் போகணும்னு அவ போன மாசமே கேட்டா. நீங்க இன்னும் வாயத் தொறக்கல."

சந்தியாகு தூக்குச்சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேல ஊர்ல ரெண்டு வீடு விட்டுப்போச்சு. பத்திரிகை வெச்சிட்டு சாயங்கால பஸ்ஸுக்கு வந்துருவேன். ஒண்ணு, என்கூட இறங்கி வாங்க. இல்ல, வரமாட்டேன்னு நீங்களே அவகிட்ட போன்ல சொல்லுங்க. நான் சொல்லமாட்டேன் மச்சான். என்னால ஆகாது."

சொல்லிவிட்டு மேட்டில் ஏறிப் போய்விட்டான்.

அடுக்களையில் குரு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். சந்தியாகு தூக்குச்சட்டியை மேடைமேல் வைத்தார்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"ஒருத்தன் செஞ்சதுக்குத் திருப்பி ஒண்ணுமே செய்ய முடியாதவன், அவன் மூஞ்சிய எப்படிப் பாக்கறது?"

குரு தூக்குச்சட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"அட, எலும்போட குடுத்துருக்காரே! ராத்திரி ஊறப்போட்ட பீன்ஸ் இருக்குல்ல, ஒரு கொதி விட்டு எடுத்துட்டு வாங்க."

"நான் கேட்டதுக்கு?"

"முதல்ல பீன்ஸு."

கனடாவிலிருந்து வந்து அங்கே சில நாள் தங்கிப்போன ஒருவர் ஒரு ஸ்லோ குக்கரை விட்டுச் சென்றிருந்தார். காலையில் எல்லாவற்றையும் போட்டு மூடி, சுவிட்சைத் தட்டிவிட்டால் சாயங்காலம்தான் வேகும். குரு அதற்குச் சோம்பேறிப் பானை என்று பெயர் வைத்திருந்தார்.

அதன் அடியில் எலும்பை வைத்தார்கள். அதன்மேல் பட்டர் பீன்ஸ் விதைகள், வெங்காயம், கேரட், மலைப்பூண்டு, கொஞ்சம் மிளகு. எல்லாம் மூழ்கத் தண்ணீர்.

"மூடிருங்க" என்றார் குரு. "வேற ஒண்ணும் வேண்டாம். நான் பாத்திக்குத் தண்ணி விட்டுட்டு வரேன்."

குரு போனபின் சந்தியாகு தனியே நின்றார். கண்ணாடி மூடிக்குள் ஆவி படரத் தொடங்கியிருந்தது.

சாயங்காலம் மிக்கேல் வருவான். பசியோடு வருவான். அவன் கொண்டுவந்ததை அவனுக்கே ஊற்றிக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும். அவன் வீட்டுச் சோற்றில் வளர்ந்த பெண்ணைப் பற்றி அவன் கேட்பான். வாயில் அவன் வீட்டுக் கறியை வைத்துக்கொண்டு இவர் பதில் சொல்ல வேண்டும்.

சந்தியாகு உப்பு ஜாடியைத் திறந்தார். நன்றாக ஒரு பிடி அள்ளினார். மூடியைத் தூக்கி, உப்பைப் பானைக்குள் போட்டார். யோசித்தார். இன்னொரு பிடி போட்டார்.

மத்தியானம் போனது. வீடு முழுக்கப் புகையும் பூண்டும் கலந்த வாசம். வெயில் மேற்குச் சரிவுக்கு இறங்கும் நேரத்தில் குரு வந்து மூடியைத் திறந்தார். பீன்ஸ் வெண்ணெய் போல மலர்ந்திருந்தது. எலும்பைக் கரண்டியால் தொட்டதும் சதை தானாகக் கழன்று விழுந்தது.

"பார்க்க ராஜா மாதிரி இருக்கு" என்று சொல்லி ஒரு கரண்டி வாயில் விட்டார்.

அப்படியே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வாசலுக்குப் போய்த் துப்பிவிட்டு வந்தார்.

"யாரு உப்புப் போட்டது?"

"இந்த வீட்டுல ரெண்டு பேருதானே அம்மா இருக்கோம்."

"எனக்கும் அதே சந்தேகம்தான். எதுக்குப் போட்டீங்க?"

சந்தியாகு தரையைப் பார்த்தார்.

"எல்லாம் அவன் கொண்டுவந்ததா இருக்கு."

"பீன்ஸ் நம்ம பாத்தியில காச்சது."

"நீங்க விதைச்சது. பானை யாரோ விட்டுட்டுப் போனது. நான் போட்டதுன்னு சொல்ல ஒண்ணு வேணாமா? என் பங்குக்கு ஒரு பிடி உப்பாவது இருக்கட்டும்னு..."

குரு சிரித்தார். கோபமில்லாத சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"அண்ணே, அந்தத் தொடை நாள்கணக்கா உப்புல ஊறினது. இந்தப் பானைக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவையும் உள்ள வெச்சுக்கிட்டுத்தான் அது பஸ் ஏறிச்சு. காலையில தண்ணிய நக்கிப் பாத்தா தெரியாது. வேக வேகத்தான் விடும்."

சந்தியாகு கரண்டியை வாங்கித் தானும் ருசி பார்த்தார். முகம் சுருங்கியது.

"கொட்டிரவா அம்மா?"

"கொட்டறதா? அந்த மனுஷன் மடியில வெச்சு, அத்தன வளைவுக்கும் கையால அணைச்சுக்கிட்டுக் கொண்டாந்தத? விறகடுப்ப மூட்டுங்க. பெரிய அண்டாவ எடுங்க. உருளைக்கிழங்கு தோல் சீவுங்க."

"எவ்வளவும்மா?"

"நீங்க போட்ட உப்பைக் கேளுங்க. அதுதான் சொல்லணும்."

பானையில் இருந்தது அண்டாவுக்கு மாறியது. வெந்நீர் ஊற்றினார்கள். உருளைக்கிழங்கு போட்டார்கள். ருசி பார்த்தார்கள். இன்னும் கரித்தது. இன்னும் தண்ணீர், இன்னும் கிழங்கு, வேலியோரம் கிடந்த முட்டைக்கோஸ் ஒன்று. கடைசியாகக் குரு நாக்கைச் சப்புக்கொட்டி, "இப்ப சரி" என்றபோது அண்டா விளிம்புவரை நிறைந்திருந்தது.

"மூணு பேருக்கு இவ்வளவா!" என்றார் சந்தியாகு.

"கேரட் கழுவற பொம்பளைங்க வேலை முடிஞ்சு இப்பத்தான் பஸ்ஸுக்கு வருவாங்க. போய்க் கூப்பிடுங்க."

"நானா? என்னன்னு கூப்பிடறது?"

"சூப்பு நிறைய இருக்குன்னு."

சந்தியாகு பாதையோரம் போய் நின்றார். யாரையும் சாப்பிடக் கூப்பிட்டு அவருக்குப் பழக்கமில்லை. பெண்கள் கூட்டமாக வந்தார்கள். நாள் முழுக்கத் தொட்டித் தண்ணீரில் நின்றதில் கால்கள் வெளுத்திருந்தன. இவர் தொண்டையைச் செருமினார்.

"சூப்பு... நிறைய இருக்கு."

முன்னால் வந்த பேச்சியம்மா நின்றாள். "என்ன அண்ணே, விக்கிறீங்களா?"

"இல்ல இல்ல. சாப்பிடத்தான். ஆனா பன்னிக்கறி போட்டது."

"சாமியார் வீட்டுல பன்னிக்கறியா! ஏ, எல்லாரும் வாங்கடி, இத விட்டா கிடைக்காது."

கறி வேண்டாம் என்ற இரண்டு பேருக்குக் குரு டீ போட்டுக் கொடுத்தார். மற்றவர்கள் முற்றத்தில் வரிசையாக உட்கார்ந்தார்கள். தட்டுகள் போதவில்லை. டம்ளர்களும் கிண்ணங்களும் வந்தன. விறைத்த விரல்களைக் கிண்ணத்தின் சூட்டில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

"செபம் சொல்லுங்க அண்ணே" என்றார் குரு.

தினமும் சாப்பாட்டுக்கு முன் சந்தியாகு சொல்லும் செபம்தான். தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார். அன்று வாயைத் திறந்தார், ஒரு வார்த்தையும் வரவில்லை. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். கிண்ணங்களிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது.

"இது என் மச்சான் மிக்கேல் கொண்டுவந்தது" என்றார்.

"ஆமென்" என்றார் குரு.

"ஆமென்" என்றாள் பேச்சியம்மா. அவள் முனியாண்டி கோயிலுக்குப் போகிறவள். மற்றவர்களும் சொன்னார்கள்.

பிறகு பேச்சு குறைந்தது. உறிஞ்சும் சத்தம் மட்டும். ஒருத்தி இரண்டாம் முறை நீட்டினாள். இன்னொருத்தி தன் பங்குக் கிழங்கை மகளுக்கென்று டிபன் டப்பாவில் எடுத்து வைத்தாள். சந்தியாகு அதைப் பார்த்துவிட்டு அந்த டப்பாவை வாங்கி நிறைய ஊற்றிக் கொடுத்தார்.

"நல்லா இருக்கு அண்ணே" என்றாள் பேச்சியம்மா. "கை குளிரே விட்டுப்போச்சு. புண்ணியமாப் போகும் உங்களுக்கு."

"நான் ஒண்ணும் செய்யல. அவன் கொண்டுவந்தது."

"அதான் அப்பவே சொல்லிட்டீங்களே. அவரு கொண்டாந்தாரு, நீங்க ஊத்துனீங்க, நாங்க குடிச்சோம். இப்ப அதுல என்ன வழக்கு? இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க."

அந்த நேரத்தில் மிக்கேல் மேட்டிலிருந்து இறங்கி வந்தான். முற்றத்தில் இத்தனை பேரைப் பார்த்துத் திகைத்து நின்றான்.

"என்ன மச்சான், கல்யாணம் இங்கயேவா?"

பெண்கள் சிரித்தார்கள். "இவருதான் மிக்கேலா?" என்று ஒருத்தி நகர்ந்து இடம் விட்டாள். சந்தியாகு கிண்ணத்தை நிறைத்து அவன் கையில் கொடுத்தார். மிக்கேல் சமையற்காரனின் நாக்கோடு ஒரு வாய் குடித்தான். கண்ணை மூடினான். இன்னொரு வாய்.

"எலும்புல இவ்வளவு இருந்துச்சா?" என்றான்.

"இருந்துச்சு" என்றார் சந்தியாகு.

பெண்கள் கிண்ணங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் பஸ் நிறுத்தத்துக்குப் போனார்கள். மிக்கேல் கடைசி வாயைக் குடித்து முடித்தான். கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

"சொல்லுங்க மச்சான்."

"நீ வளத்த. நீ கூட்டிட்டுப் போ. அதுதான் நியாயம்."

மிக்கேல் விரல்களைப் பிசைந்துகொண்டிருந்தான். அப்புறம் மெதுவாகப் பேசினான்.

"அவ வந்து கொஞ்ச நாள்தான் இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு ஓடி வந்தா, என்னைய அப்பான்னு கூப்பிட்டா. பொய் சொல்ல மாட்டேன் மச்சான், எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. எங்களுக்குத்தான் ஒண்ணும் பொறக்கலையே. அன்னிக்கு நானும் எஸ்தரும் தூங்கவே இல்ல. மறுநா அவள உக்காரவெச்சு, நான் மாமா, உன் அப்பா வருவாருன்னு சொன்னேன். அழுதா. அப்படி அழுதா. நான் அடுப்படியில போய் நின்னுக்கிட்டேன்."

காற்றில் விறகுப்புகை சுற்றி வந்தது.

"இப்ப நானே போய் அந்த இடத்துல நின்னா, அன்னிக்கு அந்தப் புள்ளய எதுக்கு அழவெச்சேன்?"

கீழ் வளைவில் பஸ் ஹாரன் கேட்டது. சந்தியாகு எழுந்தார். கறிப்பிசுக்கும் கரியும் ஒட்டிய கைகளைப் பார்த்தார். அண்டாவைக் கவிழ்த்துக்கொண்டிருந்த குருவிடம் போனார்.

"அம்மா, போறேன்."

"சரி."

"ஆனா இவ்வளவு வருஷம் கழிச்சு, அவளுக்கு நான் என்ன கொண்டு போறது?"

குரு ஒரு சொம்பில் வெந்நீர் மொண்டார்.

"கையை நீட்டுங்க அண்ணே, நல்லாக் கழுவிக்கங்க. அவ பிடிக்கப்போற கை."