சபாநாயகம் கேட்ட விளக்கம்

வங்கியின் தலைமை அலுவலகத்தில் ஒரு சிறிய பிரிவு உண்டு. சந்தேகப்படும்படியான வரவு செலவுகளை அரசாங்கத்துக்கு எழுதி அனுப்புவது அதன் வேலை. பொறுப்பாளர் ஜெசிந்தாவுக்கு முப்பத்தாறு வயது. அவளிடம் வேலை பழக வந்த சபாநாயகத்துக்கு ஐம்பத்தைந்து. இருபது வருடம் கிளை மேலாளராக இருந்து ஊரெல்லாம் நல்ல பெயர் வாங்கியவர். அப்படிப்பட்டவரை அந்தப் பிரிவுக்கு அனுப்பிய புண்ணியவான் யாரென்று எனக்குத் தெரியாது.

அந்த வாரம் நானூறு பேரின் கார்டு விவரங்கள் திருடு போயிருந்தன. நானூறு கார்டும் ஒரே பேக்கரியில் தேய்க்கப்பட்டவை. பேக்கரிக்காரர் தனுஷ்கோடி, சபாநாயகத்தின் பழைய வாடிக்கையாளர்.

"ஆதாரமே இல்லாம ஒரு மனுஷர் மேல சந்தேகம்னு எழுதலாமா மேடம்?" என்று கேட்டார் சபாநாயகம்.

"ஆதாரம் இருந்தா அதை ஏன் சார் சந்தேகம்னு சொல்லப்போறோம்?"

"கார்டையெல்லாம் முடக்கிட்டோம். போன பணத்தையும் திருப்பிக் குடுத்தாச்சு. யாருக்கும் நஷ்டமில்லையே."

"நம்ம ஆளுங்க நானூறு பேருக்கு இல்ல. மத்த பாங்க் கார்டையும் அங்க தேய்ச்சிருப்பாங்கல்ல? எழுதுங்க சார்."

எழுத உட்கார்ந்தார். மனசு கேட்கவில்லை. கிளையில் யார்மேல் புகார் வந்தாலும் முதலில் அவரிடமே விளக்கம் கேட்பார்கள். அதுதான் மரியாதை என்று பழகியவர். தனுஷ்கோடிக்குப் போன் போட்டார். அப்போது மணி பதினொன்று.

மதியம் அறிக்கையை எழுதிக் கொண்டுவந்து ஜெசிந்தாவின் மேசையில் வைத்தார்.

"அவர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுட்டேன் மேடம். பாவம், ரொம்ப வருத்தப்பட்டார். நாளைக்கு எழுத்துல விளக்கம் தரேன்னார்."

ஜெசிந்தா கம்ப்யூட்டரில் எதையோ தட்டிப் பார்த்தாள். பிறகு திரையை அவர் பக்கம் திருப்பினாள். பதினொன்றே காலுக்கு தனுஷ்கோடியின் கணக்கில் இருந்தது மொத்தமும் வெளியே போயிருந்தது.

சபாநாயகம் மறுபடி போன் போட்டார். தனுஷ்கோடியின் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

"யாரைப் பத்தி எழுதறோமோ, அவருக்கு அது தெரியவே கூடாது சார். நாம சொன்னா அது சட்டப்படி குத்தம்."

"நல்லெண்ணத்துலதான் கேட்டேன் மேடம். எம் பிள்ளைங்க மேல சத்தியம். நீங்க நம்பறீங்கல்ல?"

"நம்பறேன் சார்."

உண்மையிலேயே நம்பினாள்.

சபாநாயகம் எழுதிய அறிக்கையில் கையெழுத்துப் போட்டாள். அதை ஓரமாக வைத்துவிட்டு, அதே மாதிரி இன்னொரு வெற்று அறிக்கைப் படிவத்தை எடுத்தாள். பெயர் எழுதும் இடத்தை இடது கையால் மறைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தாள்.

சபாநாயகம் எட்டிப் பார்த்தார்.

"தனுஷ்கோடியோடதுதான் முடிஞ்சுதே. இது யாரைப் பத்தி மேடம்?"

ஜெசிந்தா நிமிரவில்லை.

"அதை நான் உங்ககிட்ட சொல்லக் கூடாது சார்."