பேசாமல் வருகிறவள்

“அவள் ஏன் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை?” என்று கேட்டார் இன்னாசிமுத்து.

கேட்டாரே தவிர, பதிலையும் அவரே கையோடு கொண்டுவந்திருந்தார்.

ஐம்பது தாண்டியவர். கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்துகிறவர். உளப்பகுப்பாய்வு கற்றுக்கொள்ள டாக்டர் நசீமாவிடம் வந்துகொண்டிருந்தார். நசீமா அவரைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் குரு குருதான்.

கேட்டது ஒரு பழைய ஆங்கிலப் பேய் நாவலைப் பற்றி. குன்றின் மேல் இடிந்த மாளிகை. அதில் தாயில்லாத ஒரு பெண். இறந்துபோன அம்மா பேயாக வந்து அவள் கட்டிலோரம் உட்காருகிறாள். தலையைக் கோதிவிடுகிறாள். போர்வையை இழுத்துப் போர்த்துகிறாள். ஒரு சொல்லாவது சொல்லேன் என்று மகள் கெஞ்சுகிறாள். கடைசிப் பக்கம் வரை பேய் வாயே திறப்பதில்லை.

நாவலை எழுதியவளும் குழந்தையிலேயே தாயைப் பறிகொடுத்தவள்.

“கோபம்தான் டாக்டர்,” என்றார் இன்னாசிமுத்து. “விட்டுட்டுப் போயிட்டாளேன்னு அம்மா மேல அடிமனசுல கோபம். அதான் எழுதறப்ப அம்மா வாயை அடைச்சுட்டா.”

“இல்லை,” என்றார் நசீமா.

அடுத்த முறை வேறொன்றோடு வந்தார்.

“குற்ற உணர்ச்சி. அம்மா பேசினா நம்மளக் குறை சொல்லிடுவாளோன்னு பயம்.”

“அதுவும் இல்லை.”

இன்னாசிமுத்துவுக்கு முகம் சுண்டிவிட்டது.

“காலேஜ்ல படிச்ச காலத்துலேர்ந்து இந்தப் புத்தகத்தைப் படிக்கறேன் டாக்டர். வேற எதையும் இத்தனை தடவை படிச்சதில்ல.”

“முழுசாவா?”

அவர் தயங்கினார்.

“இல்ல. அவ கட்டில்கிட்ட வந்து உட்கார்ற இடம் மட்டும்.”

நசீமா குறிப்பேட்டை மூடி வைத்தார். பிறகு கேட்டார்.

“உங்க அம்மா உங்கள எப்படிக் கூப்பிடுவாங்க சார்?”

அம்மா மஞ்சள் காமாலையில் போனபோது அவருக்கு நான்கு வயது.

“முத்துக்குட்டின்னு.”

“ஞாபகம் இருக்கா?”

“பெரியம்மா சொல்லித் தெரியும். அவங்கதான் என்னை வளர்த்தாங்க. ஆனா அம்மா கை ஞாபகம் இருக்கு. காய்ச்சல் வந்தா நெத்தியில வைப்பாங்க. ஜில்லுன்னு இருக்கும்.”

“அம்மா கூப்பிடற மாதிரி ஒரு தடவை கூப்பிடுங்க.”

இன்னாசிமுத்து சிரித்தார். நசீமா சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

“முத்துக்குட்டி.”

“இது யார் கூப்பிடறது?”

யோசித்துப் பார்த்தார்.

“பெரியம்மா.”

“அம்மா மாதிரி.”

கண்ணை மூடினார். கை வந்தது. நெற்றியில் அந்தக் குளிர்ச்சி வந்தது. சேலையில் சாம்பிராணி வாசம்கூட வந்தது.

வாயைத் திறந்தார்.

நசீமா எழுந்து போய், இரைந்துகொண்டிருந்த மின்விசிறியை நிறுத்தினார்.

அறையில் சத்தமே இல்லை. திறந்த வாய் திறந்தபடி, இன்னாசிமுத்து அம்மாவின் குரலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.