சோற்றில் நின்ற குச்சிகள்

கடலோர ஊர் ஒன்றில் மசுனோ என்று ஒருத்தி இருந்தாள். அவளுடைய ஒரே மகன் தெட்சுயா மீன்பிடிக்கப் போய்ப் பதினொரு வருஷம் ஆகியிருந்தது. படகும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை.

வெளியூர் போனவன் பட்டினி கிடக்கக் கூடாதென்று அவன் பேருக்கு வீட்டில் சோறு வைப்பது அந்நாட்டு வழக்கம். மசுனோ ஒரு நாள்கூட விட்டதில்லை. கூடத்தில் அவன் உட்காரும் இடத்தில் ஒரு கிண்ணம் சோறு, பக்கத்தில் சாப்பிடும் குச்சிகள் இரண்டு. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள். இந்த ஒரு விஷயத்தில் ஊரே வாயை மூடிக்கொண்டிருந்தது. பெற்ற மனம் பித்து, அதோடு யார் போய் வழக்காடுவது?

மலைக்கோயில் குரு ரியோதானிடம் மட்டும் வருஷத்துக்கு ஒரு தடவை கேட்பாள், மகன் இருக்கிறானா இல்லையா என்று. அவளைவிடப் பத்து வயது இளையவர் அவர். கேட்டுக்கொள்வார், பதில் சொல்ல மாட்டார்.

அந்த வசந்தத்தில் வெளிநாட்டு விருந்தாளிகளை வீட்டுக்கு அழைத்துச் சோறு போட ஊர்ச் சங்கம் ஏற்பாடு செய்தது. மசுனோவின் வீட்டுக்கு ஒரு போர்த்துக்கீசியத் தம்பதி வந்தார்கள். நல்ல மனிதர்கள், பாவம். அந்த ஊர் முறைப்படி செருப்பை வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்தார்கள், முட்டி நோக மண்டியிட்டு உட்கார்ந்தார்கள். அந்தப் பெண்ணின் முழங்கை பட்டு, மகனுடைய குச்சிகள் உருண்டு விழுந்தன. பதறிப்போய் எடுத்துத் துடைத்தாள். மறுபடி உருண்டுவிடுமே என்று சோற்றின் நடுவில் நட்டுக்குத்தலாக நிறுத்திவிட்டாள்.

செத்தவர்களுக்கு வைக்கிற சோற்றில்தான் அங்கே குச்சியை அப்படி நிறுத்துவார்கள், பக்கத்தில் ஊதுவத்தி ஏற்றுவார்கள். வந்தவளுக்கு அது எப்படித் தெரியும்?

மசுனோ முகம் கோணாமல் பரிமாறினாள், குனிந்து வணங்கி வழியனுப்பினாள். மூன்றாம் நாள் மலையேறி வந்து குருவின் முன்னால் உட்கார்ந்து அழுதாள். அந்நியரை வீட்டுக்குள் விட்டது என் புத்திகெட்டத்தனம் என்றாள். என் பிள்ளையை என் கண் முன்னாலேயே கொன்றுவிட்டாள் என்றாள். இதற்குப் பரிகாரம் சொல்லுங்கள் என்று கெஞ்சினாள்.

“அந்தக் குச்சிகள் இப்போது எங்கே?” என்று கேட்டார் குரு.

“சோற்றில்தான்.”

“அதற்குப் பிறகு புதுச் சோறு வைத்தீர்களா?”

“இல்லை.”

“பிடுங்கிப் போட்டிருக்கலாமே, அம்மா.”

“இரண்டு தடவை கை கிட்டே போனது சுவாமி. பிடுங்க வரவில்லை.”

குரு எழுந்தார். “வாருங்கள். நான் வந்து பிடுங்கித் தருகிறேன்.”

மசுனோ எழுந்திருக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வேண்டாம்” என்றாள்.

குரு திரும்பவும் அவளுக்கு எதிரில் உட்கார்ந்தார்.

“அப்படியானால் பக்கத்தில் ஓர் ஊதுவத்தியும் ஏற்றி வையுங்கள்.”